நடுப் பட்டனைத் தேடி

அம்பத்தூர் எஸ்டேட்டில் அச்சும் டையும் வரையும் டிசைன் அறைகளில் அடிக்கடி காதில் விழும் புலம்பல், “வீல் போச்சு சார்.” மவுஸின் சக்கரத்தைத்தான் சொல்கிறார்கள். சாலிட்வொர்க்ஸ், என்எக்ஸ், கிரியோ எதுவானாலும், திரையில் இருக்கும் பாகத்தைத் திருப்பிப் பார்க்க அந்தச் சக்கரத்தை அழுத்திப் பிடித்தபடியே மவுஸை நகர்த்த வேண்டும். நாள் முழுக்க இதே வேலை. உருட்டுவதற்காக வைத்த சக்கரத்தை எதற்காக அழுத்தச் சொல்கிறார்கள்? இந்தக் கேள்விதான் என்னை மவுஸின் பூர்வீகத்தைத் தேட வைத்தது.

மவுஸுக்காக டக்ளஸ் எங்கல்பார்ட் சொன்ன யோசனையை, கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் 1964-ல் பில் இங்கிலிஷ் செய்து காட்டினார். மரத்தால் ஆன கூடு, மேலே ஒரே ஒரு பட்டன், அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு உலோகச் சக்கரங்கள். ஒன்று பக்கவாட்டு நகர்வை அளக்கும், மற்றது முன்பின் நகர்வை. அதன் காப்புரிமைப் படத்தை எஸ்டேட்டில் ஓய்வுபெற்ற ஒரு மில்லிங் மெஷின்காரரிடம் காட்டினேன். பார்த்த உடனே, “எக்ஸ் ஒரு வீல், ஒய் ஒரு வீல். நம்ம டேபிள்தானே தம்பி!” என்றார். 1970 நவம்பர் 17-ல் கிடைத்த அந்தக் காப்புரிமையின் தலைப்பில் மவுஸ் என்ற பெயர் இல்லை. ‘எக்ஸ்-ஒய் இடங்காட்டி’ என்றுதான் இருக்கிறது.

1968 டிசம்பர் 9-ல் சான் பிரான்சிஸ்கோவில் எங்கல்பார்ட் உலகுக்குக் காட்டிய மவுஸில் பட்டன்கள் மூன்றாகியிருந்தன. அதற்கு மேல் வைக்க உள்ளே இடமில்லை என்று பின்னாளில் அவரே சொன்னார். ஆக, நடுப் பட்டன் அன்றைக்கே தனிப் பட்டன். 1973-ல் வந்த ஜெராக்ஸ் ஆல்டோவிலும் மூன்றுதான். ஆப்பிள் 1983-ல் லிசா கணினிக்கு அதை ஒன்றாகக் குறைத்தது. அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் இரண்டோடு வந்தது. ஆனால் டிசைன் மென்பொருள்கள் வளர்ந்த யூனிக்ஸ் கணினிகளில் மூன்று பட்டன் மவுஸே நிலைத்தது. பாகத்தைத் திருப்பும் வேலை நடுப் பட்டனுக்குப் போனது அப்படித்தான்.

பிறகுதான் சக்கரம் வந்தது. எக்செலின் பெரிய அட்டவணைகளில் மேலும் கீழும் போக ஜனங்கள் திண்டாடுவதை 1993-ல் மைக்ரோசாஃப்டின் எரிக் மிக்கெல்மன் கவனித்தார். அந்தத் திண்டாட்டத்துக்குத் தீர்வாக 1996-ல் இன்டெலிமவுஸ் சக்கரத்தோடு வந்து அதை உலகமெங்கும் பரப்பியது. கணக்கு எழுதுபவருக்கு அது வரம். நடுப் பட்டன் இருந்த இடத்தில் சக்கரம் உட்கார்ந்துகொண்டதால், வரைபவருக்குத்தான் நஷ்டம்.

வீல் போன மவுஸ் ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். சக்கரத்தின் அச்சின் ஒரு முனை, மிளகளவு பட்டன் உள்ள ஒரு சின்ன சுவிட்சின் மேல் நிற்கிறது. அழுத்தினால் சக்கரம் மொத்தமாகச் சாய்ந்து கீழிறங்கி அந்தச் சுவிட்சைத் தட்ட வேண்டும். இடது, வலது பட்டன்களை அழுத்துவதைவிட இதற்குப் பலம் அதிகம் தேவை. அழுத்தும்போது விரல் சற்றே உருண்டாலும், திருப்பப் போன பாகம் ஜூம் ஆகிவிடுகிறது. அதைத் தடுக்க விரலை விறைப்பாக வைத்துக்கொண்டு மணிக்கட்டால் மவுஸை இழுக்கிறார்கள். மாலையில் பையன்கள் முன்கையைப் பிடித்துவிட்டுக்கொள்வதற்குக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இதற்குத் தீர்வு புதிதல்ல. 3டிகனெக்‌ஷன் நிறுவனம் 2015-ல் கொண்டுவந்த கேட்மவுஸில் சக்கரமும் உண்டு, தனி நடுப் பட்டனும் உண்டு. சாதாரண மவுஸைவிட விலை பல மடங்குதான். ஆனாலும் டூல்ரூம் நடத்துபவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: மென்பொருளுக்கு லட்சங்கள் கட்டுகிறீர்கள். அடுத்த முறை மவுஸ் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள், வரைபவரை உட்காரவைத்து அழுத்திப் பார்க்கச் சொல்லி வாங்குங்கள்.