வேலையை விட்டோம், வாய்தாவை விடவில்லை

2019 ஆகஸ்டில் எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் மெமோ வந்தது. "நிறுவன நலனுக்கு எதிராகப் பயனாளியிடம் பேசியது" என்பது குற்றச்சாட்டு. அப்படி என்ன பேசிவிட்டோம் என்றால், ஒரு அக்காவுக்குச் சட்டத்தைச் சொல்லியிருந்தோம்.

அந்த அக்கா வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்டவர். மதுரை சிறப்பு நீதிமன்றத்துக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் இரண்டு பஸ் மாறி வருவார். நாங்கள் வேலை செய்த தொண்டு நிறுவனம் அவருக்கு 200 ரூபாய் வழிச்செலவு கொடுக்கும். பணத்தை வாங்கும்போது போட்டோ எடுக்கும். ஆண்டறிக்கையில் அந்தப் போட்டோ வரும். ஆனால் வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இல் 11ஆம் விதி என்ன சொல்கிறது? பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் பயணப்படியும் தினப்படியும் அரசு தரவேண்டும். 2016 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த 15ஏ பிரிவு இதைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. அக்காவோடு உட்கார்ந்து கலெக்டருக்கு மனு எழுதினோம். பணம் வந்தது. அதன்பின் அவர் போட்டோவுக்கு நிற்கவில்லை.

"இதெல்லாம் சொல்லிக் குடுத்துட்டா அவங்க நம்மகிட்ட எதுக்கு வருவாங்க?" என்று இயக்குநர் கேட்டார். அன்றுதான் முடிவெடுத்தோம்.

முடிவுக்கான காரணங்கள் அதற்கு முன்பே நிறைய இருந்தன. களத்தில் அலைபவர்கள் எல்லாரும் சேரியிலிருந்து வந்தவர்கள். சென்னை அலுவலகத்தில் ஆங்கிலத்தில் திட்டம் எழுதுபவர்களில் ஒருவர்கூட இல்லை. நாங்கள் எழுதிய கள அறிக்கை வேறொருவர் பெயரில் அச்சாகும். சம்பளம் தள்ளிப்போனால், "உங்க மக்களுக்காகத்தானே உழைக்கிறீங்க" என்பார்கள். அண்ணல் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையை எம்.ஏ. சமூகவியலில் பரீட்சைக்கு எழுதியவர்கள் நாங்கள். எங்கள் வருகைப் பதிவேட்டிலேயே அது இருப்பதைப் பார்க்க ஐந்து வருடம் ஆனது!

ஏன் அவ்வளவு நாள் இருந்தோம்? கல்விக்கடன், வீட்டு வாடகை. அதைவிட, "நாம போனா கேஸ் என்னாகும்" என்ற பயம். மக்களைக் கைவிட்டு ஓடுகிறோமோ என்ற உறுத்தல் எங்களுக்கே இருந்தது. 1917இல் பரோடா அரசின் வேலையை, தங்க ஓர் அறைகூடக் கிடைக்காமல் அண்ணல் விட்டு வந்ததையும், 1951இல் சட்ட அமைச்சர் பதவியைத் துறந்ததையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். தெம்பாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றாம் தேதி வரும் வீட்டுக்காரரிடம் அது செல்லாது, தோழர்களே.

அதனால் கோபத்தில் கடிதத்தை வீசிவிட்டு வரவில்லை. நான்கு மாதம் எடுத்துக்கொண்டோம். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்தோம். செல்போனில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பார்த்தால், எங்களிடம் பிடித்த பணம் ஏழு மாதமாகக் கட்டப்படவே இல்லை. (நீங்களும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.) பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுத்த பிறகு கட்டினார்கள். ஐந்து ஆண்டு முடித்திருந்ததால் அப்போது நடைமுறையில் இருந்த 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் பணிக்கொடையாக வரவேண்டியிருந்தது. தொழிலாளர் துறைக்கு அலைந்துதான் அதையும் வாங்கினோம். அனுபவச் சான்றிதழ் இன்றுவரை வரவில்லை. வழக்குக் காகிதங்களின் நகல் ஒரு கட்டு அக்காவின் வீட்டிலேயே இருக்கும்படி செய்துவிட்டு வெளியே வந்தோம்.

இப்போது திண்டுக்கல்லில் சில வழக்கறிஞர்கள் சேர்ந்து நடத்தும் சிறிய சட்ட உதவிக் குழுவில் இருக்கிறோம். சம்பளம் 3,000 ரூபாய் குறைவு, ஆனால் தேதி தவறாது. அறிக்கையில் எங்கள் பெயர் இருக்கிறது. இங்கேயும் சண்டை இல்லாமல் இல்லை. பெண்களுக்குத் தனிக் கழிவறை கேட்டு முதல் வருடம் முழுக்க மல்லுக்கட்டினோம். முதல் கூட்டத்தில் மூத்த வழக்கறிஞர் எங்கள் பக்கம் திரும்பி, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார். யாரைக் கேட்கிறார் என்று இருவரும் பின்னால் திரும்பிப் பார்த்தோம்.

அக்காவிடம் விஷயத்தைச் சொல்லத்தான் தயங்கினோம். நீதிமன்ற வாசலில் டீ வாங்கிக் கொடுத்து, வேறு இடத்தில் சேர்ந்துவிட்டோம் என்று மெதுவாகச் சொன்னோம்.

"எந்த ஆபீஸா இருந்தா எனக்கென்ன? அடுத்த வாய்தா பதினாலாம் தேதி. பத்து மணிக்கெல்லாம் வந்துருங்க ரெண்டு பேரும்" என்றார்.