அறம் விற்கும் அங்காடி

அறத்தை விலைபேசலாமா என்னும் வினா தமிழ் இலக்கியத்திற்குப் புதியதன்று. வள்ளல் ஆய் அண்டிரனைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், மறுமைப் பயனைக் கருதி அறத்தை விற்கும் வணிகன் அல்லன் அவன் என்று புறநானூற்றில் போற்றுகின்றார். கொடை வேறு, வணிகம் வேறு என்பது அப்புலவரின் தெளிவு. மற்றொரு புறம், பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களை, வாங்குவதிலும் விற்பதிலும் நடுவுநிலை பிறழாதவர்கள் என்று பாராட்டுகின்றார். வணிகத்திற்குள்ளேயே ஓர் அறம் உண்டு என்பது இப்புலவரின் தெளிவு. இவ்விரு பாடல்களையும் பல ஆண்டுகளாக வகுப்பறையில் நடத்தி வந்திருக்கிறேன். எனினும் இவ்விரண்டு அறங்களும் ஒரே கூரையின்கீழ் இருக்கக் கூடும் என்பதை நேரில் கண்டது, கடல் கடந்த ஒரு நாட்டில், ஒரு சிறு பரிசுப்பொருள் கடையிலேதான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, கோடை விடுமுறையில் இங்கிலாந்தில் பணியாற்றும் என் தமக்கை மகனின் அழைப்பின்பேரில் அந்நாட்டிற்குச் சென்றிருந்தேன். "எங்கே போகணும் மாமா, சொல்லுங்க" என்று அவன் கேட்டபோது, தயக்கமின்றி ஆக்ஸ்போர்டு என்றேன். தமிழ் கற்பிப்போருக்கு அந்நகரம் ஒரு கடமையைப் போன்றது. திருக்குறளை 1886ஆம் ஆண்டிலும், நாலடியாரை 1893ஆம் ஆண்டிலும், திருவாசகத்தை 1900ஆம் ஆண்டிலும் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி.யு. போப் அவர்கள் தம் இறுதிக்காலத்தை அங்கேதான் கழித்தார். 1908ஆம் ஆண்டு மறைந்து அங்கேயே அடக்கம் செய்யப்பெற்றார். தூய செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் உள்ள அவரது கல்லறைக்குச் சென்றோம். நாம் மேடைதோறும் சொல்லிவரும் 'தமிழ் மாணவன்' என்னும் தொடர் அக்கல்லில் இல்லை. ஆனால் அதனினும் சிறந்த செய்தி ஒன்று இருக்கிறது. அவருடைய குடும்பத்தாரும், தென்னிந்தியாவிலுள்ள அவருடைய தமிழ் நண்பர்களும் சேர்ந்து அக்கல்லை நாட்டினர் என்பதே அது. தமக்கு உழைத்தவருக்குத் தமிழர் கடல் கடந்து அனுப்பிய பரிசு அந்தக் கல்.

அங்கிருந்து, போப் அவர்கள் சமயப் பணியாற்றிய பேலியல் கல்லூரியைக் காண அகலத் தெரு எனப் பொருள்படும் பிராட் ஸ்ட்ரீட்டிற்கு வந்தோம். அதே தெருவில் 17ஆம் எண்ணுள்ள கட்டடத்தில் ஆக்ஸ்பாம் என்னும் பெயர்ப்பலகை கண்ணிற்பட்டது. நம் ஊர்க் கடைவீதியில் உள்ள ஒரு நடுத்தரத் துணிக்கடையைவிடச் சிறிய இடம். உள்ளே சென்றால், ஒருவர் உடுத்திக் கொடுத்த மேலாடைகள், ஒருவர் படித்துக் கொடுத்த நூல்கள், வாழ்த்து அட்டைகள், கைவினைப் பொருள்கள் என அனைத்தும் ஒழுங்குற அடுக்கப்பட்டிருந்தன. பணம் பெறும் இடத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க மூதாட்டி ஒருவர் நின்றிருந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியை அவர். வாரத்தில் இரண்டு அரைநாள்கள் ஊதியமின்றி அங்கே பணி செய்கிறாராம். நான் மொழியாசிரியன் என்றறிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. "அப்படியானால் இந்தக் கடையில் உங்களுக்கு உரிமை உண்டு. இதைத் தொடங்கியவர்களுள் ஒருவர் உங்களைப்போல் மொழிப் பேராசிரியர்தாம்" என்றார்.

அவர் குறிப்பிட்டது கில்பர்ட் முர்ரே என்னும் பெருமகனாரை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் 1908 முதல் 1936 வரை கிரேக்க மொழிப் பேராசிரியராக விளங்கியவர். கிரேக்க நாடகங்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். இரண்டாம் உலகப்போரின்போது கிரேக்க நாடு செர்மானியப் படையினராலும் அதன் நேசப் படையினராலும் கைப்பற்றப்பட்டது. எதிரிக்கு உதவக்கூடாது என்று பிரிட்டன் கடல்வழியை அடைத்தது. இவ்விரண்டுக்கும் நடுவே 1941-42 குளிர்காலத்தில் ஏதென்ஸ் நகரத் தெருக்களில் மக்கள் பசியால் மடிந்தனர். அந்நிலையில் 1942 அக்டோபர் 5ஆம் நாள், ஆக்ஸ்போர்டின் தூய மரியன்னை ஆலயத்து நூலக அறையில் சிலர் கூடினர். பஞ்ச நிவாரணத்திற்கான ஆக்ஸ்போர்டு குழு பிறந்தது. அப்பெயரின் சுருக்கமே பிற்காலத்தில் ஆக்ஸ்பாம் ஆயிற்று. முர்ரேக்கு அப்போது வயது எழுபத்தாறு.

இச்செய்தி என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. கிரேக்க இலக்கியத்தை வாழ்நாள் முழுதும் கற்பித்தவருக்குக் கிரேக்கக் குழந்தையின் பசி வேற்று நாட்டுச் செய்தியாக இருக்க முடியவில்லை. ஒரு மொழியின் சொற்களால் வாழ்ந்தவர், அம்மொழியைப் பேசும் வயிறுகளுக்குக் கடன்பட்டவர் என்று அவர் கருதினார் போலும். தம் நாட்டு அரசே கடலை அடைத்திருந்த காலத்தில், உணவை உள்ளே விடுங்கள் என்று அவ்வரசிடமே கேட்பதற்குத் துணிவு வேண்டும்.

இவ்விடத்தில் நம் சமுதாய மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய மற்றொரு வரலாறும் உண்டு. ஆக்ஸ்போர்டுக் குழு கூடுவதற்கு ஓராண்டிற்கு முன்பே, 1941 அக்டோபரில், துருக்கியிலிருந்து 'குர்துலுஷ்' என்னும் கப்பல் செம்பிறைச் சங்கத்தின் அடையாளத்தைத் தாங்கி, உணவு மூட்டைகளுடன் கிரேக்கத் துறைமுகமான பிரேயசுக்குப் புறப்பட்டது. விடுதலை என்பது அப்பெயரின் பொருள். இருபது ஆண்டுகளுக்கு முன்புதான் துருக்கியரும் கிரேக்கரும் ஒருவரோடொருவர் கடும்போர் புரிந்திருந்தனர். அப்பகை நெஞ்சில் ஆறாதிருந்தும் பசியின் முன் அது தடையாகவில்லை. நான்கு முறை சென்று திரும்பிய அப்பழைய கப்பல், 1942 சனவரியில் ஐந்தாம் பயணத்தின்போது மர்மராக் கடலில் மூழ்கியது. வேறு கப்பல்கள் அப்பணியைத் தொடர்ந்தன. ஈகைக்கு இனமில்லை என்று நாம் மேடையில் முழங்குவதைக் கடலில் செய்து காட்டிய கப்பல் அது.

போர் முடிந்தபின்னும் ஆக்ஸ்போர்டுக் குழு கலையவில்லை. மக்கள் நன்கொடையாகக் கொடுத்த பொருள்கள் குவிந்தன. அவற்றை விற்றுப் பணமாக்க 1947 டிசம்பரில் தொடங்கப்பட்டதே நான் நின்றிருந்த அந்தக் கடை. பொதுமக்களுக்காக அதன் கதவு திறந்தது 1948 பிப்ரவரியில். போர்ப்படையில் பணியாற்றித் திரும்பிய ஜோ மிட்டி என்பவர் 1949இல் ஊதியம் பெறும் முதற் பணியாளராக அமர்ந்து அதனை வளர்த்தார். ஐரோப்பாவின் துயர் துடைக்கத் தொடங்கிய அவ்வமைப்பு, 1951இல் நம் நாட்டின் பீகார்ப் பஞ்சத்திற்கும் உதவிற்று. ஆங்கிலேய இல்லத்தரசி ஒருத்தி கொடுத்த பழைய மேலாடை, பீகார் உழவனின் வீட்டில் ஒருவேளை உணவாக மாறியிருக்கக் கூடும்.

பிற்காலத்தில் அக்கடைகளில் வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. ஏழைகளுக்கு உதவுவதோடு நில்லாமல், அவர்கள் செய்த பொருள்களையே வாங்கி விற்கலாமே என்னும் எண்ணம் தோன்றியது. 1950களின் இறுதியில் சீன அகதிகள் செய்த கைவினைப் பொருள்கள் விற்பனைக்கு வந்தன. பின்னர் உலகெங்கும் 'நியாய வணிகம்' என்னும் இயக்கமாக இது விரிந்தது. அவ்வியக்கத்தின் உலக அமைப்பு வகுத்த நெறிகள் பத்து. அவற்றுள் ஒன்று என் கருத்தைக் கவர்ந்தது. கைவினைஞர் கேட்டால், பொருளின் விலையில் குறைந்தது பாதியை வட்டியின்றி முன்பணமாகத் தரவேண்டும் என்பதே அது. வட்டியை விலக்கிய மார்க்கத்தைச் சார்ந்தவர்கள் நாம். உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்குமாறு பணித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிவந்தவர்கள் நாம். நம் நெறி நமக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருப்பதைக் கண்டு மகிழ்ச்சியும் ஒருவகை வெட்கமும் ஒருங்கே எழுந்தன.

அலமாரியில் செதுக்கு வேலைப்பாடு அமைந்த சிறு மரப்பெட்டி ஒன்றைக் கண்டேன். அடியில் 'இந்தியாவில் செய்யப்பட்டது' என்றிருந்தது. உத்தரப் பிரதேசத்தின் சகாரன்பூரில் தலைமுறை தலைமுறையாக முஸ்லிம் கைவினைஞர்கள் செய்துவரும் மரவேலைப்பாட்டை அது நினைவூட்டியது. "இங்கே வந்து நம்ம ஊர்ச் சாமானையா வாங்குறீங்க, மாமா?" என்று மருமகன் சிரித்தான். "நம் ஊரில் பேரம் பேசி வாங்குவோம், இங்கே பேசமாட்டோம். அந்த வேறுபாட்டைத்தான் வாங்குகிறேன்" என்றேன். சொன்ன பிறகுதான் அச்சொல்லின் கனம் எனக்கே புரிந்தது. பெரிய அங்காடிகளில் அச்சிட்ட விலையை வாய்திறவாமல் கொடுக்கும் நாம், தெருவில் பாய் விற்கும் பெரியவரிடம் மட்டும் பத்து ரூபாய்க்காக வாதாடுகிறோமே, அது எந்த நூலில் சொன்ன அறம்?

அவ்வமைப்பைக் குறையற்றது என்று கூற வரவில்லை. 2010இல் நிலநடுக்கத்தால் சிதைந்த ஹைட்டியில் அதன் பணியாளர் சிலர் இழைத்த ஒழுக்கக்கேடு 2018இல் வெளிவந்து உலகின் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. 2019இல் பிரிட்டனின் அறக்கட்டளை ஆணையம் அவ்வமைப்பிற்கு முறைப்படி எச்சரிக்கை விடுத்தது. இதனையும் மாணவர்கள் அறியவேண்டும். பொதுப்பணம் என்பது அமானிதம். அதனைத் தொடும் கை எத்தகைய நற்பெயருடையதாயினும் கணக்கிற்கு உட்பட்டதே. ஆனால் சிலர் தவறியதால் அந்த மூதாட்டியின் அரைநாள் உழைப்புப் பொய்யாகிவிடாது. அமானிதத்தைக் காப்பதற்கு வழி, அறப்பணியைக் கைவிடுவதன்று. கணக்கைத் திறந்து வைப்பதே.

ஊர் திரும்பியபின் எங்கள் துறையில் இதுபற்றிப் பேசினேன். கொடைக்கு நாம் வறியவர்கள் அல்லர். உமறுப் புலவரை ஆதரித்துச் சீறாப்புராணம் பிறக்கத் துணைநின்ற சீதக்காதி வள்ளலின் மரபினர் நாம். நம் கல்லூரிகளின் கற்களும் வணிகப் பெருமக்களின் கொடையால் எழுந்தவையே. ஆயினும் கொடுப்பவர் கை மேலேயும், பெறுபவர் கை கீழேயும் இருக்கும் முறையிலேயே நம் கொடை பெரும்பாலும் நடைபெறுகின்றது. உதவித்தொகை பெறும் மாணவனை மேடையேற்றி, கைதட்டி, படம் எடுத்துக்கொள்கிறோம். அவன் தலைகுனிந்து நிற்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்தக் கடையிலோ வாங்குபவர் ஒரு பொருளுடன் செல்கின்றார். செய்தவர் தம் உழைப்பின் விலையைப் பெறுகின்றார். யாரும் யார் முன்னும் குனியவில்லை. வலக்கை கொடுப்பது இடக்கை அறியாதிருக்க வேண்டும் என்னும் நபிமொழியின் பொருளை நான் அங்கே புதிதாகக் கற்றேன்.

ஆகவே துறையின் சார்பில் ஒரு சிறு வேண்டுகோளை முன்வைக்கின்றேன். திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில், கோரைப்புல்லைப் பட்டுப்போல் கீறிப் பாய் நெய்யும் குடும்பங்கள் உள்ளன. அவர்களுள் பெரும்பாலோர் நம் சமுதாயத்தினர். நெய்பவருள் பெண்களே மிகுதி. நம் விழாக்களில் சிறப்பு விருந்தினருக்குப் போர்த்தும் பொன்னாடைகள் மறுநாளே மடித்து வைக்கப்படுகின்றன. அவற்றுக்கு மாற்றாக, நெய்தவர் சொல்லும் விலைக்கு, பாதித்தொகையை முன்னதாகவே கொடுத்து வாங்கிய சிறு பத்தமடைப் பாய்களைப் பரிசளிப்போம். தமிழ் மன்ற விழா நாளில் மாணவர்களே நடத்தும் ஒரு சிறு அங்காடியும் அமைப்போம். பயன்படுத்திய நூல்களும் நல்ல ஆடைகளும் அங்கே விலைக்கு வரட்டும். வரும் தொகை, பெயர் வெளியிடப்பெறாத மாணவர்களின் தேர்வுக் கட்டணமாகட்டும். வரவும் செலவும் துறையின் அறிவிப்புப் பலகையில் இடம்பெறட்டும்.

மாணவச் செல்வங்களே! நீங்கள் கற்கும் தமிழ் வெறும் தேர்வுத்தாளுக்கு உரியதன்று. ஆய் அண்டிரனின் கொடையையும் பூம்புகார் வணிகரின் நேர்மையையும் மனப்பாடம் செய்தவர்கள், அவற்றை ஒரு மேசையின்மேல் விரித்து வைத்து விற்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கான மேசையைத் துறை தரும். அதன் முன் நிற்கும் கால்கள் உங்களுடையவையாக இருக்க வேண்டும். முதற் பாயை வாங்க நான் வரிசையில் நிற்கிறேன். வல்ல இறைவன் நம் நல்லெண்ணத்திற்குத் துணைபுரிவானாக!