வளாக மாற்றம்

1977 ஆகஸ்ட் கலவரத்தின் பின், பேராதனை வளாகத்திலிருந்து யாழ்ப்பாண வளாகத்திற்கு மாற்றம் கோரினேன். அந்நாளில் இரண்டும் இலங்கைப் பல்கலைக்கழகம் என்னும் ஒன்றன் அங்கங்களே. 1979இல்தான் தனித்தனிப் பல்கலைக்கழகங்களாயின.

விடுதியில் என் அறைத் தோழன் சிங்களவன், கத்தோலிக்கன். இரவில் அவன் தன் மொழியிலும் நான் என் மொழியிலும் சேர்ந்து செபமாலை சொல்வோம். கலவர இரவில் கதவடியில் விழித்திருந்தவனும் அவனே. ஆயினும் அம்மா, "இனி அங்கே போக வேண்டாம், தம்பி" என்று அழுதார், நான் இணங்கினேன்.

யாழ்ப்பாணத்தில் பயின்ற சிங்கள மாணவரும் அவ்வேளை தெற்கே சென்றுவிட்டனர். திருநெல்வேலி விரிவுரை மண்டபத்தில் நான் அமர்ந்த இருக்கை அவர்களுள் யாருடையதோ!

அவ்வாண்டு நத்தாருக்குத் தோழன் வாழ்த்து மடல் அனுப்பியிருந்தான். நான் மறுமொழி எழுதவில்லை. அச்சமா, வெட்கமா? ஆண்டவர் அறிவார்.