பட்டு ஊரில் ஒரு ஃபிளானல் பெட்ஷீட் வேட்டை!

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் கண்ணுக்கு முன்னால் கை போகும். புடவைத் தலைப்பை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, கைத்தறியா, விசைத்தறியா, ஜரிகை அசலா, போலியா என்று மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிடுவோம். ஆனால், தினமும் ராத்திரி போர்த்திக்கொள்கிற பெட்ஷீட் என்ன நூலில் ஆனது என்று எங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள். "மெத்துனு இருக்கு" என்பதைத் தாண்டி பதில் வராது.

போன மார்கழியில் எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி பெரிய பேச்சானது. காரணம், தாத்தாவின் முழங்கால்.

தாத்தா 40 வருடங்களுக்கு மேல் குழித்தறியில் பட்டு நெய்தவர். தரையில் குழி வெட்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு, மிதிபலகையை மிதித்தபடி நெய்வதுதான் குழித்தறி. ஐப்பசி, கார்த்திகை மழையில் குழிக்குள் ஈரம் ஊறும். சில வருடங்கள் தண்ணீரே வந்து நிற்கும். அத்தனை வருடம் அந்த ஈரத்தில் கிடந்த கால்கள், இப்போது மார்கழி பிறந்தாலே குடைய ஆரம்பித்துவிடுகின்றன. ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருப்பார். விளக்குப் போட்டால் எங்கள் தூக்கம் கெடுமே என்று இருட்டிலேயே உட்கார்ந்திருப்பார்.

'காஞ்சிபுரத்தில் அப்படி என்ன குளிர்?' என்று ஊட்டிக்காரர்கள் சிரிக்கலாம். வெப்பமானி 20 டிகிரியைக் காட்டினாலே எங்களுக்குப் பெரிய குளிர்தான். ஆனால் ஓட்டு வீடு, சிமென்ட் தரை, கோரைப்பாய், 78 வயது உடம்பு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். வயதாக ஆக, சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் திறன் உடம்புக்குக் குறைந்துகொண்டே போகும். தாத்தாவுக்குக் கம்பளி அரிக்கும். அதனால் பருத்தியிலேயே கதகதப்பாக ஒன்று தேடினோம். ஃபிளானல் பெட்ஷீட் வாங்கலாம் என்று சொன்னது சித்தப்பா. அவரே ஆன்லைனில் ஆர்டரும் போட்டார்.

பார்சல் வந்தது. தொட்டால் பூனைக்குட்டி மாதிரி இருந்தது. ஆனால் அன்று ராத்திரி தாத்தாவுக்கு முதலில் வியர்த்தது, பிறகு அந்த வியர்வையே குளிர்ந்தது. காலையில் அவர் ஒன்றும் பேசாமல் ஓரத்திலிருந்து இரண்டு இழையை உருவினார். எவர்சில்வர் தட்டுக்கு மேல் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டினார். இழை சுருங்கி, உருகி, கறுப்பாக ஒரு சின்ன மணியாக உறைந்தது. விரலால் நசுக்கினால் நசுங்கவில்லை.

"பஞ்சே இல்ல பாப்பா. முழுசும் பாலியஸ்டர்" என்றார்.

காஞ்சிபுரத்தில் பட்டைச் சோதிக்கிற பழைய வழி இது. அசல் பட்டு எரிந்தால் முடி கருகுகிற வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பருத்தி எரிந்தால் காகிதம் எரிகிற வாசனை, மிருதுவான சாம்பல். பாலியஸ்டர் உருகி, கெட்டியான மணியாகிவிடும். புடவைக்கு மட்டும் செய்து வந்த சோதனையை எங்கள் வீட்டில் பெட்ஷீட்டுக்குச் செய்தது அதுதான் முதல் முறை.

அப்படியானால், எதுதான் ஃபிளானல்?

ஃபிளானல் ஆதியில் ஆட்டு ரோமத்தில் நெய்த துணி. பிரிட்டனின் வேல்ஸ் பகுதி அதற்குப் பேர் போனது. அதே மென்மையை மலிவாகப் பருத்தியில் கொண்டுவந்தபோது, 19-ம் நூற்றாண்டில் அதற்கு ஃபிளானலெட் என்று பெயர் வைத்தார்கள். இன்று நம் கடைகளில் பருத்தியில் வந்தாலும் பாலியஸ்டரில் வந்தாலும், பஞ்சு பஞ்சாக இருந்தால் எல்லாமே 'ஃபிளானல்'தான். குழப்பம் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

பருத்தி ஃபிளானலெட் முதலில் சாதாரணத் துணியாகத்தான் நெய்யப்படுகிறது. ஆனால் ஊடை நூலுக்கு முறுக்கு குறைவாக இருக்கும். நெய்த துணியை, நுண்ணிய கம்பிப் பற்கள் பதித்த உருளைகளின் மேல் ஓடவிடுவார்கள். அந்தப் பற்கள் இழையைச் சீண்ட, பஞ்சின் நுனிகள் மேலே எழும்பி நிற்கும். திருப்பூரில் ஸ்வெட் ஷர்ட்டின் உள்பக்கத்தை மெத்தென்று ஆக்குவதும் இந்த முறையில்தான்.

இதைத் தாத்தாவிடம் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம பட்டுக்கு முறுக்கு ஏத்துனாத்தான் பலம். இதுக்கு முறுக்கக் குறைச்சாத்தான் குணம்!"

எழும்பி நிற்கும் அந்தப் பஞ்சுக்கு நடுவில் காற்று சிக்கிக்கொள்கிறது. அசையாத காற்று சூட்டைச் சுலபத்தில் கடத்தாது. அதனால் நம் உடம்பின் சூடு நம்மிடமே தங்குகிறது. வழவழப்பான பெட்ஷீட்டில் படுத்ததும் 'ஜில்'லென்று இருக்கும் இல்லையா? ஃபிளானலெட்டில் அது இருக்காது. துணி முழுசாகத் தோலில் ஒட்டாமல், பஞ்சு நுனிகள்தான் முதலில் தொடும். அதோடு, பருத்தி வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும். பாலியஸ்டர் அவ்வளவாக உறிஞ்சாது.

கடை கடையாக...

பட்டுக்கடைகள் வரிசைகட்டி நிற்கும் காந்தி ரோடு பக்கம் நானும் அம்மாவும் ஒரு சாயங்காலம் முழுக்க அலைந்தோம். 'ஃபிளானல்' என்று கேட்ட இடத்திலெல்லாம் பளபளப்பான பாலியஸ்டர் போர்வைதான் வெளியே வந்தது. 'சுத்தமான பருத்தி' என்று கேட்டால் சென்னிமலை பெட்ஷீட் வந்தது. ஈரோடு பக்கத்துச் சென்னிமலையின் கைத்தறிப் போர்வைகள் நல்ல கனம், வருடக்கணக்கில் உழைக்கும். ஆனால், பஞ்சு எழுப்பாத துணி. மற்ற மாதங்களுக்கு அருமை. மூன்று மணிக் குளிருக்கு தாத்தாவுக்கு இன்னும் கொஞ்சம் தேவைப்பட்டது.

கைத்தறிக்கென்று சில துணி வகைகளை ஒதுக்கி 1985-ல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அந்தப் பட்டியலில் புடவைக்கும் வேட்டிக்கும் பக்கத்திலேயே பெட்ஷீட், ஜமக்காளம், கம்பளி எல்லாம் இருக்கின்றன. அதாவது சட்டத்தின் கண்ணில், காந்தி ரோட்டுப் புடவையும் சென்னிமலைப் போர்வையும் ஒரே குடும்பம்.

கடைசியில் வழி காட்டியது ஒரு சின்ன ஜவுளிக்கடைப் பெண்மணி. "பொறந்த குழந்தையைச் சுத்துவாங்களே, அந்த ஃபிளானல் கேக்கறீங்களா? மீட்டர் கணக்குல இருக்கே!" என்றார். நாங்கள் பெட்ஷீட் வரிசையில் தேடியது, குழந்தைத் துணி வரிசையில் இருந்தது.

உடனே மொத்தமாக வாங்கவில்லை. 36 அங்குல அகலத் துணியில் ஒரே ஒரு மீட்டர் வாங்கி வந்து தாத்தா கையில் கொடுத்தோம். அவர் செய்த சோதனைகளை நீங்களும் செய்யலாம்.

முதலில், இரண்டு இழையை மட்டும் உருவி எரித்துப் பார்த்தார். காகித வாசனை, மிருதுவான சாம்பல். பெரியவர்கள் மட்டும், இழையை இடுக்கியில் பிடித்து, தட்டுக்கு மேல் வைத்துச் செய்ய வேண்டிய சோதனை இது. அடுத்து, வெளிச்சத்துக்கு நேராகத் துணியைப் பிடித்தார். நெசவு ஒரே சீராகத் தெரிந்தது. அங்கங்கே மெலிந்து தெரிந்தால், பஞ்சை அளவுக்கு மீறிக் கிளப்பிவிட்டார்கள், சீக்கிரம் கிழியும் என்று அர்த்தம். பிறகு உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்தார். பஞ்சு உருண்டை உருண்டையாகத் திரண்டு வரவில்லை.

கடைசியாக எடை. நெசவாளிக்குப் பட்டும் ஜரிகையும் எடை போட்டுத்தான் வரும், நெய்த புடவையும் எடை போட்டுத்தான் போகும். அதனால் தாத்தாவுக்குத் தராசின் மேல்தான் நம்பிக்கை. மளிகைக் கடைத் தராசில் ஒரு மீட்டர் 145 கிராம் காட்டியது. ஒரு சதுர மீட்டருக்குக் கணக்கிட்டால் 160 கிராமுக்குச் சற்றுக் குறைவு. லேபிளில் 'ஜி.எஸ்.எம்.' என்று போடுவது இந்த எடையைத்தான். 60-க்கு 90 அங்குல பெட்ஷீட்டில் '160 ஜி.எஸ்.எம்.' என்று போட்டிருந்தால், அது சுமார் 560 கிராம் இருக்க வேண்டும். 400 கிராம்தான் இருக்கிறது என்றால் லேபிள் சொல்வது உண்மையில்லை.

துவைத்துக் காயவைத்ததில் துணி நீளத்தில் 4 சென்டிமீட்டர் சுருங்கியது. பருத்திக்கு இது சகஜம். அதையும் சேர்த்து நீளம் வாங்கி, முதலிலேயே துவைத்து, இரண்டு துண்டை நடுவில் இணைத்து அம்மா தைத்தார். புடவையில் உடலையும் கரையையும் இணைப்பதைக் கோர்வை என்பார்கள். "இது உன் பொண்டாட்டி போட்ட கோர்வைடா" என்று அப்பாவிடம் தாத்தா சொன்னபோது, வீடே சிரித்தது.

சில எச்சரிக்கைகள்

ஃபிளானலெட்டின் பலவீனம் நெருப்பு. எழும்பி நிற்கும் பஞ்சில் தீ சட்டென்று பரவும். இங்கிலாந்தில் இந்தத் துணியால் குழந்தைகள் தீக்காயம் பட்டு இறந்ததால், 'தீப்பிடிக்காதது' என்று பொய் சொல்லி விற்பதைத் தடுக்க 1913-ல் சட்டமே போட்டார்கள். மார்கழியில் நம் வீட்டில் அகல்விளக்கு, கொசுவத்தி எல்லாம் படுக்கைக்குப் பக்கத்திலேயே இருக்கும். அவற்றைத் தள்ளி வையுங்கள்.

கஞ்சி போடாதீர்கள், பஞ்சு படிந்துவிடும். முதல் இரண்டு மூன்று துவைப்பில் பஞ்சு உதிரும் என்பதால் தனியாகத் துவையுங்கள். தரையில் படுப்பவர்களுக்கு மேலே போர்த்துவது மட்டும் போதாது. சூட்டின் ஒரு பங்கைத் தரை இழுத்துக்கொள்ளும். பாய்க்கு மேல் ஒரு ஜமக்காளம், அதற்கு மேல் ஃபிளானலெட் என்று விரியுங்கள். ஃபிளானலெட்டே கிடைக்கவில்லையா? துவைத்துத் துவைத்து மிருதுவான இரண்டு பழைய வேட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்துங்கள். நடுவில் நிற்கும் காற்று அங்கேயும் வேலை செய்யும்.

தாத்தாவின் முழங்கால் வலி போய்விடவில்லை. அதற்கு மருத்துவர் தருகிற மாத்திரை தனி. ஆனால், மூன்று மணிக்கு எழுந்து உட்காருவது குறைந்திருக்கிறது. பல நாள், பக்கத்துக் கோயிலில் திருப்பாவை கேட்கும்போதுதான் கண் விழிக்கிறார்.

காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இருந்தும், போலிப் பட்டு 'காஞ்சிப் பட்டு' என்ற பெயரில் விற்பது நிற்கவில்லை. ஒவ்வொரு போலிப் புடவையும், தாத்தாவைப் போல் தறிக்குழியில் காலை விட்டவர்களின் கூலியில் கை வைக்கிறது. வாங்குபவர்கள் 'என்ன நூல்?' என்று கேட்டால்தான் அசல் நெசவு பிழைக்கும் என்று எங்கள் ஊர் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கேள்வி பல்லாயிரம் ரூபாய்ப் புடவைக்கு மட்டும் உரியதில்லை. சில நூறு ரூபாய் பெட்ஷீட்டுக்கும் கேட்கலாம். கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அப்படிக் கோபித்துக்கொண்டால், அடுத்த கடைக்குப் போங்கள். குழந்தைத் துணி இருக்கிற வரிசையையும் பார்த்துவிடுங்கள்!