ரிசீவருக்கும் அக்னி நட்சத்திரம்

மே மாசக் காட்டுப்பாக்கம். ராத்திரியிலயும் சுவர் சுடுது.

கிளைமாக்ஸ் சண்டை. 'டக்'.
ஹோம் தியேட்டர் ரிசீவர் அவுட்.
'புரொடெக்ட்' லைட் மட்டும் மினுக்குது.

மேல கை வச்சா, தோசையே ஊத்தலாம்.

ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரர் போன்லயே கேட்டாரு:
"ஸ்பீக்கர் எத்தனை ஓம் சார்?"
"4."
"8 ஓமைவிட ரெண்டு மடங்கு கரண்ட் இழுக்கும். நிறைய சூடாத்தான் போகும். ஷெல்ஃப்ல கதவு இருக்கா?"

இருக்கே, கண்ணாடிக் கதவு!
திறந்தா மெயின் ரோட்டுத் தூசி. மூடினா இட்லிப் பானை.

இப்போ டேபிள் ஃபேன் ரிசீவருக்கு. விசிறி மட்டை எனக்கு.
வீட்ல யாருக்கு மரியாதைன்னு தெரிஞ்சுபோச்சு.

12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேனை 5 வோல்ட் யூஎஸ்பில ஓட்டினா சத்தமே வராதாமே?
யாராச்சும் பண்ணிப் பாத்தீங்களா?