எப்போது கேட்கிறது?



வண்டி வைத்திருக்கும் எவரும் அறிந்த ஓர் அச்சம் உண்டு. நேற்று வரை இல்லாத சத்தம் ஒன்று இன்று காலை கேட்கிறது. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் அடியிலிருந்து "டிக், டிக், டிக்" என்று ஒரு சிறு தட்டல். காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. அடுத்த தெரு வரை ஒன்றுமில்லை. பிறகு மீண்டும் அதே தட்டல். உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த வேளையில் நம் மனத்தில் எழும் முதல் கேள்வி எது என்பதைக் குறித்து இந்த வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். நம்மில் பலர் முதலில் கேட்பது "இது யாரால் வந்தது?" என்பதே. அந்தக் கேள்வி நம்மை எவ்வளவு செலவுக்குள் கொண்டுபோய் விடுகிறது என்பதை எங்கள் ஊர் வண்டி ஒன்றின் வழியாகச் சொல்கிறேன்.

எங்கள் சிங்கம்புணரிக்குத் தேங்காய் நாரும் கயிறும் சோறு போடுகின்றன. நாரும் கயிறும் ஏற்றிய வண்டிகள் நாள்தோறும் எங்கள் சாலைகளில் போய்வருகின்றன. பெரிய மருத்துவம் என்றால் மதுரைக்குத்தான் போக வேண்டும். கொட்டாம்பட்டி வரை சென்று, அங்கே திருச்சி–மதுரை நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டும். முதியவர்களையும் நோயாளிகளையும் அழைத்துச் செல்லும் குடும்பங்கள் ஏழு பேர் அமரக்கூடிய வாடகை வண்டிகளையே நாடுகின்றன. அத்தகைய பயணங்களில் நானும் பலமுறை உடன் சென்றிருக்கிறேன்.

அந்த வண்டிகளின் இயல்பு அண்மை ஆண்டுகளில் மாறிவருகிறது. 2005 முதல் நம் சாலைகளில் ஓடிய இன்னோவாவில் டீசல் எஞ்சினின் விசை ஒரு நீண்ட தண்டின் வழியே பின்சக்கரங்களுக்குச் சென்றது. 2022 நவம்பரில் அறிமுகமான இன்னோவா ஹைகிராஸ் முன்சக்கரங்களால் ஓடுவது. அதன் ஹைபிரிட் வகையில் பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து வேலை செய்கின்றன. 2023 ஜூலையில் மாருதி சுசுகியின் இன்விக்டோவும் அதே அமைப்போடு வந்தது. எங்கள் ஊரில் வாடகைத் தொழில் செய்யும் ஒருவர், சில காலம் ஓடிய ஹைபிரிட் வண்டி ஒன்றைக் கடன் பெற்று வாங்கினார். அது எந்த வண்டி என்பது நமக்குத் தேவையில்லை. நான் சொல்லப்போகும் குறை, முன்சக்கரங்களால் ஓடும் எந்த வண்டிக்கும் வரக்கூடியது.

வாங்கிய சில மாதங்களில் அந்தத் தட்டல் தொடங்கியது. டீசல் வண்டியாக இருந்திருந்தால் எஞ்சின் இரைச்சலே அதை விழுங்கியிருக்கும். ஹைபிரிட் வண்டியோ மெல்ல நகரும்போது பெரும்பாலும் எஞ்சினை அணைத்துவிட்டு மின்மோட்டாரால் ஓடுகிறது. அந்த அமைதியில் சிறு தட்டலும் பெரிதாகக் கேட்கும். பழக்கமில்லாத இயந்திரம் என்பதால் அச்சமும் பெரிதாயிற்று. தேநீர்க் கடையில் ஆளுக்கொரு தீர்ப்பு வழங்கினார்கள். பேட்டரி போய்விட்டது என்றார் ஒருவர். மோட்டாரே போய்விட்டது, பல லட்சம் ஆகும் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் சொன்னது உரிமையாளரின் மனத்தில் தைத்தது: "ஓட்டுறவன் மிதிக்கிற மிதியில எந்த வண்டிதான் தாங்கும்?"

வண்டியை ஓட்டியவர் ஓர் இளைஞர். அவருடைய சம்பளத்தில் ஒரு வீடு நடக்கிறது. "தம்பி, மாசக் கடைசியோட கணக்க முடிச்சுக்கலாம்" என்று உரிமையாளர் அவரிடம் சொல்லிவிட்டார். பிறகு என்னிடம் வந்து நடந்ததைச் சொன்னார். அவரும் கொடியவர் அல்லர். கடன் தவணைத் தேதியை எண்ணி உறக்கமின்றித் தவித்துக்கொண்டிருந்தார். முதலில் சத்தத்தை ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டிவிடலாம், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். மூவருமாகச் சென்றோம்.

அந்த மெக்கானிக் வண்டியின் மூடியைத் திறக்கவில்லை. யார் ஓட்டுவது, எப்படி ஓட்டுவது என்றும் கேட்கவில்லை. "அண்ணே, சத்தம் எப்ப வருது?" என்று கேட்டார். "மிதிச்சா வருது" என்றார் உரிமையாளர். "நேராப் போகும்போதா, திருப்பத்துலயா? எஞ்சின் ஓடுறப்ப மட்டுமா, பேட்டரியில போறப்பவுமா? வேகம் கூடக்கூட சத்தமும் வேகமாகுதா?" உரிமையாளரிடம் விடை இல்லை. அவர் அந்த வண்டியை அதிகம் ஓட்டியவரல்லர்.

சற்றுத் தள்ளி நின்றிருந்த இளைஞர்தான் பதில் சொன்னார். எஞ்சின் அணைந்திருக்கும்போதும் வருகிறது. நேராகச் செல்லும்போது அநேகமாக இல்லை. ஸ்டீயரிங்கை முழுவதும் வளைத்து, நின்ற இடத்திலிருந்து கிளப்பும்போது அதிகம். வேகம் கூடினால் தட்டலும் நெருக்கமாகிறது, ஆனாலும் எண்ணிவிடலாம். இத்தனையையும் அவர் தயங்காமல் சொன்னார். மெக்கானிக் நிமிர்ந்து பார்த்து, "இது எத்தனை நாளாத் தெரியும் தம்பி?" என்றார். "ஒரு மாசத்துக்கு மேல இருக்கும்ணே. சொன்னா நான்தான் கெடுத்தேன்னு ஆயிரும்னு பயந்து சொல்லல."

அன்பானவர்களே, இந்தப் பதிலை மனத்தில் வைத்துக்கொண்டு, அந்தக் கேள்விகளின் பொருளைச் சற்றே கவனியுங்கள். உங்கள் வண்டிக்கும் ஒருநாள் அவை பயன்படும்.

எண்ணக்கூடிய தட்டலா என்பது முதற் சோதனை. இத்தகைய வண்டியின் சக்கரச் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு இரண்டு அல்லது மூன்று முறை சுழலும். எஞ்சினோ, நிமிடத்திற்கு 1,000 சுற்று என்ற குறைந்த வேகத்தில்கூட நொடிக்குப் பதினாறு முறைக்கு மேல் சுழலும். அந்தத் தட்டலை எண்ண இயலாது. ஆகவே விரல் மடக்கி எண்ணக்கூடிய தட்டல் சக்கரத்தைச் சார்ந்தது. டயரின் பள்ளத்தில் சிக்கிய கல்லும் அவ்வாறே ஒலிக்கும். ஆனால் அது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் ஓயாது. சக்கர நட்டுகள் தளர்ந்திருந்தாலும் தட்டல் வரலாம். அந்த ஐயம் இருந்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் நிறுத்தி, அவற்றை முடுக்கிப் பாருங்கள்.

எஞ்சின் அணைந்திருக்கும்போதும் வருகிறதா என்பது இரண்டாம் சோதனை. சாதாரணக் காரில் எஞ்சினையும் சக்கரத்தையும் இப்படிப் பிரித்துக் கேட்பது கடினம்; ஹைபிரிட் வண்டி அந்த வசதியைத் தானே தருகிறது. டொயோட்டா 1997-இல் பிரியஸ் காரில் கொண்டுவந்த அமைப்பில், ஒரு கோள்பற்சக்கரத் தொகுதி எஞ்சினையும் இரு மின்மோட்டார்களையும் சக்கரங்களோடு இணைக்கிறது. வண்டி பின்னோக்கிச் செல்வது மின்மோட்டாரின் விசையால்தான். எஞ்சின் அணைந்த நிலையில் பின்னோக்கிச் செல்லும்போதும் தட்டல் கேட்டால் எஞ்சினை ஐயுற வேண்டியதில்லை. பெட்ரோல் சரியாக எரியாததால் மேட்டில் ஏறும்போது எழும் உலோகத் தட்டலோ எஞ்சின் வேலை செய்யும்போது மட்டுமே வரும். வண்டியை ஆன் செய்யும்போது ஒருமுறை கேட்கும் "டக்" என்ற ஒலி, பேட்டரியின் ரிலே இணைவது, அது இயல்பானது.

மூன்றாவது, திருப்பத்தில் கூடுகிறதா என்பது. ஸ்டீயரிங் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்பது மின்மோட்டாருக்கோ பேட்டரிக்கோ தெரியாது. அதை அறிந்த உறுப்பு ஒன்று உண்டு. முன்சக்கரம் சுழலவும் வேண்டும், அதே வேளையில் இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். இரண்டையும் தாங்குவது சி.வி. ஜாயின்ட் என்ற மூட்டு. ஆல்ஃபிரெட் ர்செப்பா என்பவர் 1920-களில் வடிவமைத்த மூட்டே இன்றும் பெரும்பாலான கார்களின் முன்சக்கரத்தருகே இருக்கிறது. ஒரு கிண்ணத்துக்குள் வளைந்த பள்ளங்கள். அவற்றில் ஆறு எஃகுக் குண்டுகள். நேராகச் செல்லும்போது குண்டுகள் தத்தம் இடத்திலேயே நிற்கும். திரும்பும்போது ஒவ்வொரு சுற்றிலும் பள்ளத்தில் முன்னும் பின்னும் ஓடும். பள்ளம் தேய்ந்திருந்தால் குண்டு அங்கே இடறும்; ஆக்சிலேட்டரை மிதித்துச் சுமை ஏற்றினால் இடறல் உரக்கக் கேட்கும். நின்ற நிலையிலிருந்தே முழு விசையைத் தருவது மின்மோட்டாரின் இயல்பாதலால், கிளம்பும் கணத்தில் அது இன்னும் தெளிவாகக் கேட்கும்.

பட்டறைக்குப் பின்னாலிருந்த வெற்றிடத்தில் அந்த இளைஞரையே ஓட்டச் சொன்னார் மெக்கானிக். ஸ்டீயரிங்கை முழுதும் வளைத்து, முன்னே ஒரு வட்டம், பின்னே ஒரு வட்டம். எஞ்சின் அணைந்திருக்க, எல்லோர் காதிலும் அந்தத் தட்டல் விழுந்தது. பிறகு வண்டியை அணைத்து, சாவியைத் தம் மேசைக்குள் வைத்துவிட்டு ஜாக்கி ஏற்றினார். ஹைபிரிட் வண்டி ஓசையின்றி நின்றாலும் அணைந்துவிட்டது என்று பொருளில்லை. எஞ்சின் தானாகவே ஓடத் தொடங்கலாம். ஆரஞ்சு நிற உறையிட்ட கம்பிகளில் உயர் மின்னழுத்தம் பாய்வதால், பயிற்சி இல்லாதவர் அவற்றைத் தொடவே கூடாது.

சக்கரத்தைக் கழற்றியதும் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. அந்த மூட்டைச் சுற்றிப் பூட் எனப்படும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறை ஒன்று இருக்கும். கிரீசை உள்ளே காப்பதும், மண்ணையும் நீரையும் வெளியே நிறுத்துவதும் அதன் வேலை. அந்த உறை கிழிந்திருந்தது. உள்ளிருந்த கிரீஸ் சிதறி, சக்கரத்தின் உட்புறமெங்கும் கறுப்பாக அப்பியிருந்தது. அச்சுத் தண்டில் இறுகச் சுற்றிக் கிடந்தது ஒரு துண்டுக் கயிறு. சாலையில் கிடந்ததை எப்போதோ சக்கரம் இழுத்துக்கொண்டிருக்கிறது. அது உறையின் கழுத்தை அறுத்திருக்கிறது. எங்கள் ஊருக்குச் சோறு போடும் கயிறு! அதற்கு யாரைக் குற்றஞ்சாட்டுவது?

பல லட்சம் என்று அஞ்சிய செலவு சில ஆயிரங்களில் முடிந்தது. மோட்டாருக்கும் பேட்டரிக்கும் ஒரு குறையும் இல்லை. இளைஞரின் வேலையும் நிலைத்தது. ஆனால் மெக்கானிக் கைகளைத் துடைத்துக்கொண்டே சொன்ன ஒரு செய்தியை நான் உங்களுக்கு மறைக்கக் கூடாது. உறை கிழிந்த தொடக்கத்திலேயே வந்திருந்தால், பழைய கிரீசைத் துடைத்துப் புதிது நிரப்பி, உறையை மட்டும் மாற்றியிருக்கலாம். நாள் கடந்ததால் மண் உள்ளே புகுந்து பள்ளங்களை அரித்துவிட்டது. மூட்டையே மாற்ற வேண்டியதாயிற்று. இன்னும் சில காலம் விட்டிருந்தால் மூட்டு உடைந்து, நெடுஞ்சாலையில் நோயாளியோடு வண்டி நின்றிருக்கும்.

ஒரு மாதம் ஏன் கடந்தது? அந்தச் சத்தத்தை முதலில் கேட்டவர் வாய் திறக்க அஞ்சினார். அவர் அஞ்சியதும் வீணான அச்சமில்லை. சத்தம் மற்றவர் காதில் விழுந்தவுடன் நடந்தது அவர் எதிர்பார்த்ததுதான். "யாரால்?" என்ற கேள்வியே முதலில் வரும் என்று தெரிந்த இடத்தில், அறிந்தவர் மௌனமாகிவிடுகிறார். அந்த மௌனத்தின் விலையை உரிமையாளரே கொடுத்தார்.

இப்போது உங்கள் இல்லத்தைப் பாருங்கள். மதிப்பெண் குறைந்ததை மகன் ஏன் மறைக்கிறான்? கடையில் கணக்கு இடிப்பதை வேலையாள் ஏன் கடைசி நாள் வரை சொல்வதில்லை? முதிய தாய் தம் நெஞ்சுவலியை ஏன் இரவெல்லாம் தமக்குள் வைத்துக்கொள்கிறார்? "உன்னை யார் வெயிலில் போகச் சொன்னது?" என்று நாம் தொடங்குவோம் என்பது அவருக்குத் தெரியும். பொறுப்பு யாருடையது என்று ஆராயவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கவனக்குறைவால் கெட்டவையும் உண்டு. அவற்றுக்குக் கணக்குக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும் முன்னே கணக்கைத் தொடங்கினால், நமக்கு உதவக்கூடிய ஒரே சாட்சியின் வாயை நாமே அடைத்துவிடுகிறோம்.

இந்த வாரம் உங்கள் வீட்டிலோ தொழிலிலோ ஏதேனும் ஒன்று தட்டத் தொடங்கினால், அதற்கு மிக அருகில் இருப்பவரை அழைத்து உட்கார வையுங்கள். "உன்னை ஏசமாட்டேன்" என்று முதலில் சொல்லுங்கள், சொன்னபடியே நடந்துகொள்ளுங்கள். பிறகு அந்த மெக்கானிக் கேட்டதைப் போலக் கேளுங்கள்: எப்போது கேட்கிறது? எப்போது ஓய்கிறது? எந்தத் திருப்பத்தில் கூடுகிறது? விடை வரும் வரை பொறுத்திருங்கள்.

அந்த உரிமையாளர் இப்போது ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் தம் ஓட்டுநரோடு கால் மணி நேரம் வண்டியைச் சுற்றி நடக்கிறார். சக்கரங்களுக்குப் பின்னால் குனிந்து, கயிறோ கம்பியோ சுற்றியிருக்கிறதா, உறையில் ஈரம் தெரிகிறதா என்று இருவரும் பார்க்கிறார்கள். "இந்த வாரம் ஏதாவது கேட்டுச்சா தம்பி?" என்பதே அவருடைய முதல் கேள்வி என்று அந்த இளைஞரே என்னிடம் சொன்னார்.

அடுத்த வாரம் மீண்டும் சந்திப்போம்.