கடைசியாக எப்போது குடித்தார்?

"குடிப்பழக்கம் உண்டா என்று மருத்துவமனையில் கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள்." அக்காவுக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தது நாங்கள்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறோம். மருத்துவர்களை மட்டும் குறை சொல்லப்போகிற கட்டுரை என்று நினைத்துத் தோழர்கள் படிக்கத் தொடங்கிவிடக் கூடாது.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. எங்கள் பகுதிக் காலனியைச் சேர்ந்த அண்ணன் ஒருவர், பெயின்ட் அடிக்கிற வேலை செய்பவர், சாரத்திலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்தது. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். ஒப்பந்தக்காரர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து அரசு மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. தகவல் கிடைத்து நாங்கள் மூன்று பேரும் ஓடினோம். எங்களுக்கு இழப்பீட்டு வழக்குகள் பார்த்துப் பார்த்து ஒரு புத்தி வளர்ந்திருக்கிறது. ஆளைப் பார்ப்பதற்கு முன் காகிதத்தை யோசிப்போம். அப்போது நடைமுறையில் இருந்த 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் 3ஆவது பிரிவு என்ன சொன்னது? விபத்து நடந்தபோது தொழிலாளி போதையில் இருந்ததுதான் நேரடிக் காரணம் என்றால், மரணமோ நிரந்தர முழு ஊனமோ இல்லாத காயத்துக்கு முதலாளி பணம் கொடுக்க வேண்டியதில்லை என்றது. அண்ணன் அன்று காலையில் குடிக்கவில்லை. முந்தின இரவு குடித்திருந்தார். ஆனால் 'குடிப்பார்' என்று ஒரு வார்த்தை கேஸ் ஷீட்டில் ஏறினால் போதும், ஒப்பந்தக்காரரின் வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார் என்று எங்களுக்குத் தெரியும்.

"தண்ணி போடுவானா?" என்று உள்ளே கேட்டார்கள். "இல்லைங்க" என்றார் அக்கா.

சனிக்கிழமை அண்ணனுக்குக் கை நடுங்கியது. பயம் என்று நினைத்தோம். ஞாயிறு இரவு சுவர் முழுக்க எறும்பு ஊறுகிறது என்று கத்தினார். குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, முறிந்த காலோடு கட்டிலைவிட்டு இறங்கப் பார்த்தார். வேட்டி வேர்வையில் நனைந்திருந்தது. இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, கட்டுத்துணியால் கையைக் கட்டிலோடு கட்டினார்கள். "காலனி ஆளுங்கன்னாலே இந்தத் தொல்லைதான்" என்று ஒருவர் சொன்னார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா எங்களைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம்.

நள்ளிரவுக்கு மேல் ஒரு பயிற்சி மருத்துவர் வந்தார், மிஞ்சிப் போனால் இருபத்து மூன்று வயது இருக்கும். அண்ணனின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு அக்காவிடம் கேட்டார்: "அம்மா, இவர் கடைசியா எப்ப குடிச்சாரு?" குடிப்பாரா என்று கேட்கவில்லை. கடைசியாக எப்போது என்று கேட்டார். அந்தக் கேள்வியில் குற்றம் இல்லை, மணிக்கணக்கு மட்டும்தான் இருந்தது. அக்கா உடனே சொல்லிவிட்டார்: "வியாழக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு, தம்பி. தினமும் ரெண்டு குவார்ட்டர்."

பிறகுதான் வைத்தியம் தொடங்கியது. லோரசெபாம் ஊசி, தையமின் ஊசி. இரண்டு நாள் கழித்துத் தெளிந்தார்.

எங்களுக்கு அன்றுவரை தெரியாத விஷயம் இது. ஆண்டுக்கணக்காகத் தினமும் குடிக்கிறவரின் மூளை, மதுவின் அமுக்கத்துக்கு ஈடாகத் தன்னைத் தானே முடுக்கிவைத்துக்கொள்கிறது. மது திடீரென்று நின்றால் அமுக்கம் போய்விடும், முடுக்கம் மட்டும் நிற்கும். ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் நடுக்கம். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு இந்த உளறலும் பிரமையும் வரும், கவனிக்காவிட்டால் உயிர் போகும். இன்னொன்றும் உண்டு. இப்படிக் குடிப்பவர்களுக்கு உடலில் தையமின், அதாவது பி1 வைட்டமின், மிகக் குறைவாக இருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளையில் சேதம் ஏற்படலாம், நினைவு போகலாம். அண்ணனுக்கு இரண்டு நாள் வெறும் குளுக்கோஸ்தான் ஏறியது. ஏனென்றால் அவர் குடிக்காதவர். அப்படித்தானே எழுதிக்கொடுத்திருந்தோம்.

அண்ணனுக்கு இப்போதும் சில நாள் மகளின் பெயர் சட்டென்று வருவதில்லை. அதற்கு அந்த இரண்டு நாள்தான் காரணமா, இருபது வருடக் குடி காரணமா, விழுந்தபோது தலையில் பட்டதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். அக்கா எங்களை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அந்தப் பயிற்சி மருத்துவரை ஒரு வாரம் கழித்து டீக்கடையில் பார்த்தோம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்குக் கூச்சப்பட்டார். மனநலப் பிரிவில் பயிற்சியில் இருந்தபோது ஒரு வகுப்பு நடந்ததாம். எந்த வார்டாக இருந்தாலும், என்ன நோய்க்காகச் சேர்ந்திருந்தாலும், மூன்றாம் நாள் ஒருவர் உளறினால் மதுவைப் பற்றிக் கேள் என்று அங்கே சொன்னார்களாம். ஒரு மணி நேர வகுப்பு. அதில் ஒரே ஒரு வாக்கியம். அன்றைக்கு இரவு அந்த வார்டில் இருந்த மூத்தவர்கள் யாருக்கும் அது நினைவில் இல்லை.

அதற்குப் பிறகுதான் படிப்பு முடித்த மருத்துவர்கள் எப்படித் தொடர்ந்து படிக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தோம். 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் ஐந்து ஆண்டுக்குக் குறைந்தது 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி பெற வேண்டும் என்கின்றன. 'சி.எம்.இ.' என்பார்கள். எந்தப் பாடத்தில் அந்த மணி நேரத்தைச் செலவழிப்பது என்பது பெரும்பாலும் அவரவர் விருப்பம். சர்க்கரை, இதயம் என்றால் கூட்டம் வரும். குடிநோய் என்றால் மனநல மருத்துவர் பார்த்துக்கொள்வார் என்கிற எண்ணம். ஆனால் குடிநோயாளி முதலில் மனநல மருத்துவரிடமா போகிறார்? எலும்பு முறிந்து போகிறார், மஞ்சள் காமாலையோடு போகிறார், ரத்த வாந்தியோடு போகிறார். இந்திய அரசுக்காக எய்ம்ஸ் நிறுவனத்தின் போதைச் சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். மற்ற 37 பேரும் ஏதோ ஒரு வார்டில் வேறு ஏதோ ஒரு நோயின் பெயரில் படுத்திருந்துவிட்டு வந்தவர்களாகத்தான் இருப்பார்கள் என்பது எங்கள் கணிப்பு.

நல்ல முயற்சிகள் இல்லாமல் இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ், இணையம் வழியாக வெளியூர் மருத்துவர்களைத் தொடர்ந்து ஒன்றுசேர்த்து, அவர்கள் பார்க்கிற நோயாளிகளைப் பற்றியே பேசவைத்துப் போதை நோய்ச் சிகிச்சையைக் கற்றுத்தருகிறது. 'எக்கோ' என்கிற முறை அது. 2003இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், கல்லீரல் அழற்சி நோய்க்காக மருத்துவர் சஞ்சீவ் அரோரா தொடங்கியது. பேராசிரியர் பேசி மற்றவர்கள் கேட்பதைவிட இது எவ்வளவோ மேல்.

போன ஆண்டு எங்களுக்கும் ஓர் அழைப்பு வந்தது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கான ஒரு நாள் வகுப்பு, அதில் 'சமூகப் பார்வை' என்று நாற்பது நிமிடம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. (சமூகத்துக்கு எப்போதும் அந்த நேரம்தான் கிடைக்கும், பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.) எங்களுக்கு முன்னால் பேசியவரின் திரையில் 'ஆபத்துக் காரணிகள்' என்று ஒரு பட்டியல் ஓடியது. ஆண், குறைந்த கல்வி, குறைந்த வருமானம், எஸ்.சி./எஸ்.டி. அவ்வளவுதான். ரத்தக் கொதிப்புக்கு உப்பு ஒரு காரணி என்பதுபோல, குடிக்கு நாம் ஒரு காரணி. சாக்கடைக்குள் இறங்குவதற்கு முன் ஏன் குடிக்கிறார்கள், கூலியை ஏன் சில இடங்களில் சரக்காகக் கொடுத்துப் பழக்கினார்கள், கடை எந்தத் தெருவுக்குப் பக்கத்தில் திறக்கப்படுகிறது என்று ஒரு வரி கிடையாது.

முதுகலையில் எம்.என். சீனிவாஸ் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். சாதி ஏணியில் மேலே போக நினைக்கிறவர்கள் இறைச்சியையும் மதுவையும் விட்டுவிடுகிறார்கள் என்பது 'சமஸ்கிருதமயமாதல்' கோட்பாட்டின் அடிப்படை. குடிக்காமல் இருப்பது மேல் என்றால் குடிப்பவன் கீழ். அந்தக் கணக்கு வெள்ளைக் கோட்டு போட்டதும் மறைந்துவிடுவதில்லை. நாமும் அதற்குப் பயந்துதான் நம் கூட்டங்களில் குடியைப் பற்றி வாய் திறப்பதில்லை. திறந்தால் 'பார், அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள்' என்பார்கள். கடையை மூடச் சொல்லித் தெருவுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள்தான். நாம் பின்னால் போய் நின்றோம்.

நாங்கள் அன்று கோட்பாடு எதுவும் பேசவில்லை. ஒரு கேள்விதான் கேட்டோம். குவார்ட்டர் என்றால் எத்தனை 'டிரிங்க்'?

கேட்டதற்குக் காரணம் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' என்கிற பத்துக் கேள்விப் படிவத்தைத்தான் குடியை அளக்க மருத்துவர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். குடிக்கிற நாளில் எத்தனை டிரிங்க் என்பது அதில் இரண்டாவது கேள்வி. அதில் ஒரு டிரிங்க் என்பது 10 கிராம் சுத்த ஆல்கஹால். நம் ஊர்க் குவார்ட்டர் 180 மில்லி, அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். கணக்குப் போட்டால் 60 கிராம், அதாவது ஆறு டிரிங்க். அண்ணனைப் போன்றவரிடம் "எத்தனை?" என்று கேட்டால் "ரெண்டு" என்பார். படிவத்தில் இரண்டுக்கு மதிப்பெண் பூஜ்யம். உண்மையில் அது பன்னிரண்டு, அந்தக் கேள்விக்கு உள்ள மதிப்பெண்ணிலேயே அதிகமான நான்கு. அண்ணன் பொய்யே சொல்லாமல், படிவத்தின்படி அந்தக் கேள்வியில் ஆபத்தில்லாதவர் ஆகிவிடுவார்.

அறை அமைதியாக இருந்தது. கடைசி வரிசையிலிருந்து மட்டும் ஒரு குரல் "ஆறு" என்றது.

பிறகு அண்ணனின் கதையைச் சொன்னோம். நாங்கள் சொல்லிக்கொடுத்த பொய்யையும் சேர்த்தே சொன்னோம். ஒரு மூத்த மருத்துவர் எழுந்தார். "நீங்களே மறைச்சிட்டு எங்களைக் குறை சொல்றீங்க. எங்களுக்கு எல்லா நோயாளியும் ஒன்னுதான். சாதியை ஏன் இங்கே கொண்டுவர்றீங்க?" முதல் பாதி நியாயம் என்று ஒத்துக்கொண்டோம். இரண்டாவது பாதிக்கு, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தைக் காட்டினோம். மதுவும் போதைப்பொருளும் சார்ந்த மனநிலைகளை அது மனநோய் என்கிற வரையறைக்குள்ளேயே வைக்கிறது. 21ஆவது பிரிவு, சிகிச்சையில் பாகுபாடு கூடாது என்று சொல்லும் இடத்தில் சாதி என்ற சொல்லையே எழுதியிருக்கிறது. சாதியைக் கொண்டுவந்தது நாங்கள் இல்லை, ஐயா.

கேஸ் ஷீட்டைப் பற்றியும் பேசினோம். அண்ணனின் வழக்கில் ஒப்பந்தக்காரர் தரப்பு தாக்கல் செய்திருக்கும் ஆவணம் எது தெரியுமா? அந்த ஞாயிறு இரவுக்குப் பிறகு யாரோ எழுதிய 'நாள்பட்ட குடிகாரர்' என்கிற இரண்டு சொல். கடைசியாகக் குடித்தது வியாழன் இரவு 9 மணி, விபத்து வெள்ளி காலை 11 மணி என்று எழுதியிருந்தால் அதுவே அண்ணனுக்குச் சாட்சியாக இருந்திருக்கும். ஒன்று பட்டம், மற்றது தகவல். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் கையேட்டில் பழைய பெயர்களை எடுத்துவிட்டுப் 'பயன்பாட்டுக் கோளாறு' என்று மாற்றியது. நம் வார்டுகளில் இன்னும் பட்டம்தான் எழுதப்படுகிறது. அந்தத் தாளை வக்கீல் படிப்பார் என்பதை எந்த வகுப்பில் சொல்லித்தருகிறார்கள்? அது தெரிந்தால்தான் எங்களைப் போன்றவர்கள் பொய் சொல்லிக்கொடுப்பதும் நிற்கும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்டோர் செத்தபோது, 'இவர்கள் ஏன் குடிக்கிறார்கள்' என்றுதான் பலர் கேட்டார்கள். மெத்தனால் விஷம் முழுதாகத் தெரியவே 12 முதல் 24 மணி நேரம்கூட ஆகலாம். அந்த இடைவெளியில் கண் மங்குகிறது, வயிறு வலிக்கிறது என்று வருகிறவரைப் பார்த்து, 'எங்கே, எப்போது குடித்தீர்கள்' என்று முகம் சுளிக்காமல் கேட்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். எங்கள் காலனியிலிருந்து அப்படிப் போகிறவர் உண்மையைச் சொல்வாரா என்று யோசித்துப் பார்த்தோம். இன்றைய நிலைமையில் சொல்ல மாட்டார்.

வகுப்பு முடிந்து படி இறங்கும்போது பின்னால் ஒருவர் வந்தார். "ஆறு" என்று சொன்னவர். "எங்கப்பா தினமும் ஒரு குவார்ட்டர். நானும் காலனிதான். உள்ளே யாருக்கும் தெரியாது" என்றார். பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு பைக்கை எடுத்துக்கொண்டு போனார்.

அழைத்த மனநல மருத்துவர் அந்த ஆபத்துக் காரணிப் பட்டியலை மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார். குவார்ட்டர் கணக்கை ஒரு அட்டையாக அச்சடித்துக் கொடுக்கக் கேட்டார், அடித்துக் கொடுத்தோம். அடுத்த வகுப்புக்கு எங்களுக்குப் பதிலாக நோயாளி ஒருவரே வந்து பேசட்டும் என்று கேட்டோம். யோசித்துவிட்டுச் சரி என்றார். அண்ணன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பத்து மாதமாகக் குடிக்கவில்லை. நடுவில் இரண்டு முறை சறுக்கினார், அதையும் அங்கே சொல்வேன் என்கிறார். மறந்துபோனால் எடுத்துக்கொடுக்க அக்காவும் கூட வருகிறார்.

நேற்று அக்கா போன் செய்தார். "அன்னைக்குக் கையைக் கட்டுனது நர்சம்மாவும் வார்டு ஆளும்தானே தம்பி. அவங்களைக் கூப்பிட்டிருக்காங்களா?"

இல்லை. மருத்துவர்களுக்கு மட்டும்தான். நாளைக்குப் போய்க் கேட்டுப் பார்க்கிறோம் என்று சொல்லியிருக்கிறோம்.